இருமல் பெட்டி

சின்னக்கண்ணு பேசுகிற மனிதர் அல்ல, இருமுகிற மனிதர்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது, அதனால் விலாவாரியாகவே சொல்லிவிடுகிறேன். கல்வராயன் மலையடியில் புங்கந்தாங்கல் என்று ஓர் ஊர். அங்கே கரும்பும் மரவள்ளியுமாக நல்ல நிலபுலத்தோடு இருப்பவர் சின்னக்கண்ணு. அந்தப் பக்கத்துப் பெரிய மனிதர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெண்கள் புழங்குகிற இடத்துக்குள் காலை வைக்குமுன் லேசாக இருமிவிட்டுத்தான் வைப்பார்கள். உள்ளே காலை நீட்டி உட்கார்ந்திருப்பவள் மடக்கிக்கொள்வாள், முந்தானை நழுவியிருந்தால் சரிசெய்துகொள்வாள். நல்ல வழக்கம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நம் ஆள் அதோடு விட்டாரா? அந்த ஒரு இருமலை வைத்துக்கொண்டு மொத்தக் குடித்தனத்தையும் நடத்த ஆரம்பித்துவிட்டார்.

வாசலில் இருமினால் வந்துவிட்டார் என்று அர்த்தம். நடையில் நின்று இழுத்து இருமினால் காப்பி. தட்டின் முன்னால் உட்கார்ந்து கட்டையாக இருமினால் குழம்பு, அதையே கொஞ்சம் மெலிதாக இருமினால் ரசம். ஒருநாள் மனைவி ராஜாம்பாள் ரசத்துக்குப் பதிலாக மோரை ஊற்றிவிட்டாள் என்று அன்றைக்குப் பூராவும் இருமாமலே இருந்தார். கோபமாம். அடிவயிற்றில் கிளம்பி, நெஞ்சில் ஒரு சுற்றுச் சுற்றி, தொண்டையில் வந்து வெடிக்கிற இருமல் அவருடையது. ஒன்றோடு நிறுத்தவும் மாட்டார், நாலைந்தாகத் தொடுப்பார். எதிர்வீட்டுக்காரர் பாவாடை வளர்த்த நாய், அந்தச் சத்தம் கேட்டால் எழுந்து வேறு இடம் பார்த்துப் படுக்கும். இத்தனைக்கும் சின்னக்கண்ணு சளி, காய்ச்சல் என்று படுத்தவரே இல்லை.

மகன் சிவசங்கர் நெல் அறுக்கிற மெஷின் ஓட்டுகிறவன். அறுப்பு எங்கேயோ அங்கே அவன். ஆந்திராவுக்குப் போனால் மாசக்கணக்கில் ஆளைப் பார்க்க முடியாது. அவன் மனைவி தமிழ்மொழி, ரிஷிவந்தியத்துப் பெண், பி.காம். படித்தவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமனார் அவளிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. வெறுப்பெல்லாம் இல்லை, மருமகளிடம் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். இருமல் இருக்கும்போது பேச்சு எதற்கு?

ஆனால் வெளியே போனால் அவளைப் பற்றித்தான் பெருமை. "எம்மருமவ மாதிரி மரியாத தெரிஞ்ச பொண்ண நீ பாக்க முடியாதுடா. நான் வாசல்ல இருமுனா போதும், கையில இருக்கறத போட்டுட்டு உள்ள ஓடிடும். இப்ப ஆறேழு மாசமா அந்த மரியாத இன்னும் ஜாஸ்தி ஆயிருக்குது" என்று டீக்கடையில் உட்கார்ந்து சொல்லுவார். கேட்கிறவர்களும் தலையை ஆட்டுவார்கள். அவர்கள் வீட்டு மருமகள்கள் ஓடுவதில்லையே!

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், பிறகு சொன்னால் நன்றாயிராது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எதிர்வீட்டுப் பாவாடையின் மருமகள் ரம்யாவுக்குக் காசநோய் வந்தது. என்ன செய்வதென்று பாவாடை இவரிடம் வந்து நின்றார். இவர் இருமிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "டாக்டராண்ட காட்டு. மருந்து சாப்ட்டு ஒடம்பு தேறட்டும். அதுவரைக்கும் அது அம்மா வூட்ல இருக்கட்டும்பா. நாலு பேரு பொழங்குற எடம் பாரு." அதுவரைக்கும் தனித் தட்டு, தனி டம்ளர் என்று யோசனையும் கொடுத்தார். ரம்யாவின் அம்மா வீடு மலைமேலே, வெள்ளிமலைக்குப் போகிற வழியில். துணிப்பையோடு பஸ் ஏறிப் போனவள்தான். போ என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு வா என்று சொல்ல ஞாபகமில்லை. ஊரும் மறந்துவிட்டது, சின்னக்கண்ணுவும் மறந்துவிட்டார்.

இந்த நிலைமையில்தான் மலர்விழி என்கிற பெண் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். கள்ளக்குறிச்சியில் மாடி ஒன்றை வாடகைக்குப் பிடித்து, நுரையீரல் நோய் பற்றி ஆராய்ச்சி செய்கிற குழுவில் வேலை பார்க்கிறவள். கையில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி.

"ஐயா, இது பேச்ச புடிக்காதுங்க. இருமல மட்டுந்தான் புடிக்கும். மலைமேல, மலையடியில, டவுன்லன்னு அங்கங்க கொஞ்சம் வூட்ல வெக்கிறோம். வூட்ல யாரு இருமுறாங்க, எப்ப இருமுறாங்கன்னு தனித்தனியா பிரிச்சி சொல்லிடும். நோவு முத்தறதுக்கு முன்னாடியே சத்தத்த வெச்சி கண்டுபுடிக்க முடியுமான்னு பாக்கறோம்."

ராஜாம்பாள் முகவாயில் கையை வைத்தாள். "எங்கூட்லயா வெக்கப்போற? ஒன் மிஷினு நெஞ்சு வெடிச்சி செத்துடும்மா!"

"அட, வெச்சிட்டுப் போவட்டும்டி" என்றார் சின்னக்கண்ணு. அரசாங்கம், பேங்க், கட்சி என்று எத்தனையோ பேர் வந்து அவருடைய நிலத்தைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். இருமலைக் கணக்கெடுக்க ஒருத்தி வந்தது இதுதான் முதல் தடவை. உள்ளுக்குள் குளிர்ந்துபோனார்.

பெட்டியை நடையில், சமையலறை நிலைக்கு மேலே ஆணியடித்து மாட்டினாள் மலர்விழி. கதவுக்குப் பின்னாலிருந்து தமிழ்மொழியின் குரல் வந்தது.

"அக்கா... வாயப் பொத்திகினு மெதுவா இருமுனா கூட புடிக்குமா?"

"ஈ இருமுனா கூட புடிக்கும்" என்று மலர்விழி சிரித்தாள்.

தமிழ்மொழி சிரிக்கவில்லை. வீட்டிலிருக்கிற எல்லோரும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும் என்றபோது பேனாவை வாங்கிய அவள் முதல் எழுத்தோடு நின்று பெட்டியை நிமிர்ந்து பார்த்தாள். கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை போலிருக்கிறது என்று சின்னக்கண்ணு நினைத்துக்கொண்டார். பி.காம். படித்தவளுக்குக் கையெழுத்துப் பழக்கமில்லையாம், நினைப்பைப் பாருங்கள்!

அதன்பிறகு சின்னக்கண்ணுவைப் பிடிக்க முடியவில்லை. நடையைத் தாண்டும்போதெல்லாம் பெட்டியை நிமிர்ந்து பார்த்து, தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு, அதற்கென்று தனியாக ஒரு தொடுப்பு இருமிவிட்டுப் போவார். விருந்தாளி வந்திருக்கும்போது வீட்டுக்காரன் சும்மா இருக்கலாமா?

பெட்டியைக் கழற்றிக்கொண்டு போன மறு வாரம் மலர்விழி போன் செய்தாள். குரலில் சிரிப்பில்லை.

"ஐயா, நாங்க பெட்டி வெச்ச வூடுங்கள்லயே உங்க வூட்லதாங்க இருமல் ஜாஸ்தி. மலைமேல வெறவு அடுப்பு பொகையில கெடக்கறவங்க கூட இவ்ளோ இருமுறதில்லீங்க. டாக்டரம்மா பயந்துட்டாங்க. திங்கக்கெழம வூட்ல இருக்கற எல்லாரும் வந்துடுங்க."

சின்னக்கண்ணு மலையையே ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் போனை வைத்தார். அரை நிமிஷம் கழித்துத்தான் 'டாக்டரம்மா பயந்துட்டாங்க' என்பது உள்ளே போய் இறங்கியது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாரும் எதுக்கு? இந்த வூட்ல இருமுறது நான் ஒர்த்தன்தான். நான் மட்டும் போறேன்" என்றார். அந்த வார்த்தையை அவர் சொன்னபோது சமையலறையில் ஒரு பாத்திரம் கீழே விழுந்தது.

சேதி ஊருக்குள் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். ராஜாம்பாள் ஒருத்தியிடம்தான் சொன்னாள், அதுவும் யாரிடமும் சொல்லாதே என்று சொல்லித்தான் சொன்னாள். சாயங்காலம் டீக்கடையில் எல்லோருக்கும் கண்ணாடி கிளாஸில் டீ வந்தது, சின்னக்கண்ணுவுக்கு மட்டும் பேப்பர் கப்பில் வந்தது. பெஞ்சில் அவர் உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்தவனுக்கு அவசரமாக ஒரு வேலை ஞாபகம் வந்தது.

எதிர்வீட்டுப் பாவாடை நலம் விசாரிக்க வந்தார். துண்டால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, வேலிப் படலுக்கு அந்தப் பக்கமே நின்றார். இரண்டு வருஷமாகக் காத்திருந்தவர் மாதிரி நிதானமாகப் பேசினார்.

"ண்ணே, மனச வுட்றாதீங்க. தனித் தட்டு, தனி டம்ளர் வெச்சிக்குங்க. நீங்க எனக்குச் சொன்னதுதான். அப்புறம், ஒடம்பு தேறுற வரைக்கும்..." என்று கொஞ்சம் யோசித்தார். "உங்கம்மா வூடு எங்கண்ணே?"

"எங்கம்மா செத்து இருவது வருஷம் ஆவுதுடா!"

"அதான் பாக்கறேன். எங்க அனுப்பறதுன்னு" என்று உண்மையான கவலையோடு சொல்லிவிட்டுப் போனார் பாவாடை.

சின்னக்கண்ணுவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பயம் வந்துவிட்டது. ஒவ்வொரு இருமலும் உயிரில் கொஞ்சத்தை வெளியே எடுத்துப் போட்டுவிடும் என்று தோன்றியது. ஆகவே இருமுவதை அடியோடு நிறுத்திவிட்டார். வாசலில் சத்தமில்லாமல் வந்தார், நடையில் சத்தமில்லாமல் நின்றார். அவர் வந்தது யாருக்கும் தெரியவில்லை, காப்பியும் வரவில்லை. வாயைத் திறந்து 'காப்பி' என்று கேட்டால் தீர்ந்தது, ஆனால் அந்தப் பழக்கம்தான் இல்லையே!

அந்த மூன்று நாலு நாள் வீடு வீடாக இல்லை. அதிலும் தமிழ்மொழி பட்ட பாட்டைப் பார்க்க முடியவில்லை. வேலை செய்துகொண்டிருப்பவள் திடீரென்று நிறுத்திவிட்டு மாமனாரையே பார்ப்பாள். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் நீர் கோத்துக்கொண்டு நிற்கும். பிறகு பின்கட்டுக்கு ஓடிப்போய் மோட்டாரைப் போட்டுவிடுவாள். தொட்டி நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. எனக்காகத்தான் அழுகிறாள் என்று சின்னக்கண்ணுவின் நெஞ்சு உருகியது. பெற்ற மகள் இருந்தால்கூட இப்படி அழுவாளா?

ஒருநாள் உள்ளே அவள் ராஜாம்பாளிடம் கெஞ்சுவதும் காதில் விழுந்தது. "அத்தே, மாமாவ இருமச் சொல்லுங்க அத்தே. அடக்கி வெக்கக் கூடாது. ஒரே ஒரு தடவயாவது இருமச் சொல்லுங்க."

"இன்னாடி இது! ஊருல அவனவன் இருமாதேன்னுவான், நீ இருமச் சொல்லுங்கற!" என்றாள் ராஜாம்பாள்.

திங்கட்கிழமை சின்னக்கண்ணு வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, குலசாமி இருக்கிற திக்கைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, தனியாகக் கள்ளக்குறிச்சி பஸ் ஏறினார். தமிழ்மொழி வாசல் வரை வந்து நின்றாள். அவளை அவர் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் அழுகை வந்துவிடும்.

ஆராய்ச்சிக்காரர்கள் எக்ஸ்ரே எடுத்தார்கள், டப்பாவில் சளி துப்பச் சொன்னார்கள். துப்பச் சளி இருந்தால்தானே? ஒரு குழாயைக் கொடுத்து முழு மூச்சையும் ஊதச் சொன்னார்கள். சின்னக்கண்ணு சாகப்போகிறவனுக்கு என்ன சிக்கனம் என்று ஊதினார். மிஷினைப் பிடித்திருந்த மலர்விழி ஒரு அடி பின்னால் போனாள்.

டாக்டர் ராதிகா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பார்த்தார், குழாயின் கணக்கைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

"ஐயா, உங்களுக்கு ஒரு நோயும் இல்லையே! இந்த வயசுல இப்படி ஒரு நுரையீரல நான் பாத்ததே இல்ல. அப்புறம் எதுக்கு இவ்வளவு இருமறீங்க?"

சின்னக்கண்ணுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் வெட்கமும் கூடவே வந்தது. எதற்கு இருமுகிறேன் என்பதை எப்படிச் சொல்வது? கடைசியில் இருமியே காட்டினார். வாசல் இருமல், காப்பி இருமல், குழம்பு, ரசம். டாக்டர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார். வெளியே உட்கார்ந்திருந்த நோயாளிகள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட டாக்டர், கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். திரும்பிய முகத்தில் சிரிப்பு இல்லை.

"சரி, அது நீங்க. இன்னொருத்தர் யாருங்கய்யா?"

"இன்னொருத்தரா? வூட்ல வேற யாரும் இருமுறதில்லீங்களே."

"இருமறாங்க. நீங்க இருமும்போது மட்டும் இருமறாங்க. உங்க சத்தத்துக்கு அடியிலேயே ஒளிஞ்சு வருது. முதல்ல எதிரொலின்னு நினைச்சோம். எதிரொலி இல்ல. நீங்க கேளுங்க" என்று காதில் மாட்டுகிற கருவியைக் கொடுத்தார்.

சின்னக்கண்ணு கேட்டார். அவருடைய இருமல் இடி மாதிரி வந்தது. அதற்கு அடியில், துணியை வாயில் திணித்துக்கொண்டு யாரோ இருமுகிற சத்தம். அவர் நாலாவது இருமலை முடிப்பதற்குள் அவசர அவசரமாக இருமி முடித்துவிடுகிற சத்தம். அடுத்ததைப் போட்டார் டாக்டர், அதிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. ஒன்றில் இவர் சீக்கிரம் நிறுத்திவிட்டார். அந்த இன்னொரு இருமல் மட்டும் பாதியில் மாட்டிக்கொண்டு, மூச்சை இழுத்து, தன்னைத் தானே விழுங்கிக்கொண்டது.

ராஜாம்பாள் குறட்டை விடுவாளே தவிர இருமமாட்டாள். மகன் ஆந்திராவில் இருக்கிறான். நான் வாசல்ல இருமுனா போதும், கையில இருக்கறத போட்டுட்டு உள்ள ஓடிடும். டீக்கடையில் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! மரியாதையாம், மண்ணாங்கட்டி மரியாதை. இருமுவதற்கு இடம் தேடியல்லவா அந்தப் பெண் ஓடியிருக்கிறது!

"ஆறேழு மாசமாங்க" என்றார் சின்னக்கண்ணு. அவர் குரலே அவருக்குக் கேட்கவில்லை.

"அப்படின்னா உடனே கூட்டிட்டு வாங்க. காசநோயா இருக்கலாம். ஆரம்பத்துலயே பிடிச்சா மாத்திரையில சரியாயிடும். தட்டு, டம்ளர்ல எல்லாம் பரவாது, அந்தப் பயமெல்லாம் வேண்டாம். இப்படி ஒளிச்சு வெச்சாத்தான் ஆபத்து, அவங்களுக்கும் உங்களுக்கும்."

அன்றைக்கும் சின்னக்கண்ணு வீட்டுக்குள் இருமாமல்தான் நுழைந்தார், ஆனால் இந்தத் தடவை பயத்தில் அல்ல. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடையைத் தாண்டினார். சமையலறையில் தமிழ்மொழி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்திருந்தாள். தோள் இரண்டும் குலுங்கின, சத்தம் மட்டும் வரவில்லை. வாசல் பக்கமே காதை வைத்துக்கொண்டு, எப்போது பஸ் வரும், இன்றைக்காவது மாமனார் இருமுவாரா என்று நின்றுகொண்டிருந்தவள் திரும்பினாள். எதிரே மாமனார்.

"மாமா, அனுப்பிடாதீங்க மாமா" என்றாள். கல்யாணமாகி வந்தபிறகு அவள் அவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"யாரும்மா அனுப்பறாங்க? டாக்டராண்டதாம்மா போவணும். மாத்திரையில சரியாயிடுமாம்."

"ரம்யாக்காவயும் டாக்டராண்ட காட்டலாம்னுதான சொன்னீங்க? பையோட அது பஸ் ஏறுனத நான் ஜன்னல்ல பாத்துகினு இருந்தேன் மாமா. திரும்பி வரவேயில்ல. நான் பஸ் ஏற மாட்டேன். நோவுல செத்தாலும் இங்கயே சாவறேன்."

சின்னக்கண்ணு தொண்டையைச் செருமப் போனவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். இத்தனை நாளாக எந்தச் சங்கடத்துக்கும் கைவசம் வைத்திருந்த பதில் இப்போது உதவாது.

பின்னால் ராஜாம்பாள் வந்து நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். "இன்னாங்க, வாயடச்சிப் போச்சா? இப்ப இருமுங்க பாப்போம்!"

மறுநாள் முதல் பஸ்ஸுக்கே சின்னக்கண்ணு மலையேறினார். பாவாடையையும் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டார். "நீங்கதான அனுப்பச் சொன்னீங்க, இப்ப நான் எதுக்கு?" என்று பாவாடை முரண்டு பிடித்தார். முதல் கொண்டை ஊசி வளைவு வரைக்கும்தான் அந்த முரண்டு. அதற்கப்புறம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தியெடுப்பதற்கே அவருக்கு நேரம் சரியாயிருந்தது.

ரம்யாவின் அப்பா அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார், கடைக்குப் பின்னாலேயே வீடு. சின்னக்கண்ணு வாசலில் போய் நின்று, பழக்கதோஷத்தில், அடிவயிற்றிலிருந்து ஒரு தொடுப்பு இருமினார். மலைக்காற்றில் அது இன்னும் கணீரென்று போனது. யாரும் வரவில்லை. உள்ளேயிருந்து ரம்யாவின் குரல் மட்டும் வந்தது.

"யாரோ இருமுறாங்கம்மா. இங்க யாருக்கும் இருமல் இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போவச் சொல்லு."

பாவாடைக்கு அந்த மயக்கத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. சின்னக்கண்ணு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு வீட்டு வாசலில் நின்று வாயைத் திறந்து கூப்பிட்டார்.

"அம்மா ரம்யா! நான் சின்னக்கண்ணு வந்திருக்கறேம்மா."

ரம்யா வெளியே வந்தாள். நன்றாகத் தேறி, கன்னமெல்லாம் பூரித்திருந்தாள். வாங்க என்று சொல்லவில்லை.

"மருந்து முடிஞ்சி, டெஸ்ட்டுல சுத்தமாயிடுச்சின்னு சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல ஆவுது. ஒரு வார்த்த, வாம்மான்னு ஒரு வார்த்த யாராவது சொன்னீங்களா? இப்ப எதுக்கு வந்தீங்க?"

"தப்பு என்னுதும்மா. ஒம்மாமனாரு மேல ஒண்ணுமில்ல, நாந்தான் அனுப்பச் சொன்னேன். தெரியாம சொன்னேன்னு சொல்ல மாட்டேன், யோசிக்காம சொன்னேன். இப்ப எம்மருமவளுக்கு இருமல். எனக்குப் பயந்துகினு முந்தானைய வாயில அடச்சிகினு நிக்குது. நான் சொன்னா நம்ப மாட்டேங்குது. நீ வந்து நின்னாத்தான்மா நம்பும்."

ரம்யா வாசற்படியை விட்டு இறங்கி வந்தாள். "தமிழ்மொழிக்கா?" என்று கேட்டாள். "வந்தவொடனே அதச் சொல்றதுதான! வாசல்ல நின்னு இருமிகினு இருக்கறாரு பெரிய மனுசன்."

ஆனால் சும்மா வந்துவிடவில்லை. காப்பி போட்டு, தன் டம்ளரில் ஊற்றி, தான் ஒரு வாய் குடித்துவிட்டு, மீதியைப் பாவாடையிடம் நீட்டினாள். பாவாடை டம்ளரைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், சின்னக்கண்ணுவைப் பார்த்தார். "குடிடா" என்றார் சின்னக்கண்ணு. பாவாடை கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தார். கண்ணைத் திறந்தபோது எதிரே கொடியில் காய்ந்துகொண்டிருந்த கட்டம்போட்ட சட்டை கண்ணில் பட்டது.

"இது எம்புள்ள தமிழழகன் சட்டையாச்சே!"

"ஆமா. ஞாயித்துக்கெழமன்னா இங்கதான் வருவாரு. உங்களாண்ட சின்னசேலத்துக்கு டிராக்டர் சாமான் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வருவாரு" என்றாள் ரம்யா. போன வருஷம் பூராவும் அந்த டிராக்டருக்கு அப்படி என்னதான் கேடு என்று குழம்பிக்கொண்டிருந்த பாவாடைக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது.

சாயங்கால பஸ் புங்கந்தாங்கலில் நின்றது. துணிப்பையோடு ரம்யா இறங்கினாள். தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். சின்னக்கண்ணு பையை வாங்கிக்கொள்ளப் போனார், அவள் கொடுக்கவில்லை. தன் மாமனார் வீட்டுக்குப் போகாமல் நேரே சின்னக்கண்ணு வீட்டு வாசலில் போய் நின்றாள்.

தமிழ்மொழி ஜன்னலுக்குப் பின்னால்தான் இருந்தாள். ரம்யாவைப் பார்த்ததும் வெளியே வந்தாள். ரம்யா பையைக் கீழே வைத்துவிட்டு, அவள் வாயருகே சுருட்டிப் பிடித்திருந்த முந்தானையைப் பிரித்துக் கீழே இழுத்துவிட்டாள்.

தமிழ்மொழி மாமனாரைப் பார்த்தாள்.

"இருமும்மா. நல்லா இருமு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார் சின்னக்கண்ணு.

அவள் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி, குனிந்து, இருமினாள். ஆறேழு மாசத்து இருமல். நிற்கவில்லை, வந்துகொண்டே இருந்தது. பாவாடையின் நாய் எழுந்து வேறு இடம் பார்த்துப் படுத்தது. இருமலுக்கு நடுவில் அவள் அழுதாள், அழுகைக்கு நடுவில் இருமினாள். ரம்யா முதுகை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள். ராஜாம்பாள் வாசற்படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள்.

மறுநாள் ரம்யாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மாமனாரும் மருமகளும் கள்ளக்குறிச்சிக்குப் போனதும், காசநோய்தான் என்று வந்ததும், மாத்திரை சாப்பிட்டுத் தமிழ்மொழி தேறியதும் பிறகு நடந்தது. அந்தச் சமயத்தில் சின்னக்கண்ணுவுக்கு அதெல்லாம் தெரியாது. மருமகள் மூச்சுக்குத் திணறுகிறாள், தண்ணீர் வேண்டும், அது ஒன்றுதான் தெரிந்தது. இருமிப் பார்க்க நேரமில்லை. தாமே சமையலறைக்குள் ஓடினார். ஓடியவர் நடுவில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார். பிறந்து வளர்ந்த வீடுதான், ஆனால் எது எங்கே இருக்கிறது என்று ஒன்றும் தெரியவில்லை.

"தமிழ்மொழி!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டார். "சொம்பு எங்கம்மா இருக்குது?"